திண்ணையும் வகுப்பறையும்: சேலம் நாட்டுக் கல்வி வரலாற்றில் பல்திற மாணாக்கர்

ஒரு கூரையின்கீழ் அமர்ந்து ஓர் ஆசிரியரிடம் பாடங் கேட்கும் மாணாக்கர் அனைவரும் ஒரு திறத்தினர் அல்லர். விரைந்து பற்றுவோரும், மெல்லப் பற்றுவோரும், பிறமொழி பேசும் இல்லத்திலிருந்து வருவோரும், பசியோடு வருவோரும், கண் அல்லது செவிப்புலன் குன்றியோரும் அவருள் அடங்குவர். இவர் யாவரையும் ஒருங்கே ஏற்று, யாவர்க்கும் பயன்படுமாறு கற்பித்தல் எங்ஙனம் என்பது இன்றைய கல்வியாளர் பெரிதும் ஆராயும் பொருள். இது புதிய பொருள் எனக் கருதுவார் பலர். தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றை நோக்குவார்க்கு இது மிகப் பழைய பொருள் என்பது புலனாகும். அவ் வரலாற்றைச் சேலம் நாட்டைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

சேலம் நகரின் வடபால், ஏற்காட்டு மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்தது அஸ்தம்பட்டி. சேலம் மாநகராட்சியின் மண்டலங்களுள் ஒன்று அதன் பெயரால் வழங்குகின்றது. அவ்வூரைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியில் தமிழர்க்கு அண்மையில் தெலுங்கு, கன்னடம், உருது, சௌராட்டிரம் ஆகிய மொழிகளை வீட்டில் பேசுவோர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். உழவரும் நெசவாளரும் வணிகரும் இரும்புத் தொழிலாளரும் கலந்துறையும் நாடு இது. அண்மைக் காலத்தில் வடமாநிலங்களிலிருந்து வேலை நாடி வந்தோரின் குழந்தைகளும் இங்குள்ள பள்ளிகளில் சேர்கின்றனர். ஆகவே, பல்திற மாணாக்கர் என்னும் பொருளை ஆராய்தற்கு இந்நிலப்பகுதி பொருத்தமான களமாகும்.

நன்னூலார் கண்ட மாணாக்கர்

மாணாக்கரிடையே வேறுபாடு உண்டென்பதைத் தமிழ் இலக்கணிகள் நன்கறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்குச் சான்று. ஆங்கு மாணாக்கர் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தப்பெறுகின்றனர். அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைமாணாக்கர்க்கும் உவமைகளாயின. பாடஞ் சொல்லும் ஆசிரியன் மாணாக்கன் எவ்வாறு ஏற்கின்றான் என்பதை அறிந்து, அதற்கேற்பச் சொல்லவேண்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. கற்பிக்கும் முறை மாணாக்கனுக்கு ஏற்ப மாறவேண்டும் என்னும் இக்கருத்து, இன்றைய கல்வியியலின் அடிப்படைகளுள் ஒன்று.

எனினும் அந்நூலே, பாடஞ் சொல்லத் தகாதார் பட்டியல் ஒன்றையும் தருகின்றது. கள்வன், சினத்தன், படிறன் முதலியோரோடு பிணியனும் மந்தனும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். ஒழுக்கக் குறையால் விலக்கப்பட்டோருடன் உடற்குறையும் அறிவின் மென்மையும் உடையோர் ஒரு வரிசையில் வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது. உள்ளே வந்தவனின் இயல்பறிந்து கற்பிக்க வேண்டும். ஆயினும் வாயில் எல்லார்க்கும் திறவாது. நன்னூலாரிடம் காணும் இவ்விரு கூறும் பின்வந்த திண்ணைப்பள்ளிகளிலும் தொடர்ந்தன என்பதே யாம் கூறவரும் கருத்து.

திண்ணைப்பள்ளியின் அமைப்பு

திண்ணைப்பள்ளியில் ஆண்டுதோறும் ஏறிச்செல்லும் வகுப்பென்பது இல்லை. விசயதசமி நாளில் அரிச்சுவடி தொடங்கிய சிறுவனும், நிகண்டு ஒப்பிக்கும் இளைஞனும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். மணலில் விரலால் எழுதிப் பழகியவன், கை திருந்திய பின்னர் ஓலையும் எழுத்தாணியும் பெற்றான். எண்சுவடியில் முந்திரி, காணி, மா என்னும் கீழ்வாய் இலக்கங்கள் மனப்பாடமானால்தான் அடுத்த வாய்பாடு தரப்பெறும். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முடித்தவன் அடுத்த நூலைத் தொடங்குவான். அவனுடன் அதே நாளில் சேர்ந்தவன் இன்னும் முன்னைய நூலிலேயே நிற்கலாம். அவன் தேறாதவன் எனப்பட்டதில்லை. அவனுக்குரிய சுவடி முடியவில்லை, அவ்வளவே.

மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தான். முன்னர்க் கற்றதைப் பிறர்க்குச் சொல்வதால் அவன் கல்வி உறுதிப்பட்டது. ஆசிரியரின் சுமையும் குறைந்தது. மாலையில் பள்ளி விடும்போது பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லியனுப்பி, மறுநாள் கேட்கும் வழக்கமும் இருந்தது. அவரவர்க்குத் தனித்தனியே ஒரு சொல் என்பது சிறிய செய்தியே. ஆயினும் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்து நோக்கினார் என்பதற்கு அஃது அடையாளம்.

இதனால் திண்ணைப்பள்ளி குறையற்றது என்று கொள்ளற்க. பிரம்படியும், விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிடும் கோதண்டமும் அங்கு வழங்கிய தண்டனைகள். பொருளுணராது நெட்டுருப் பண்ணுதலே பெரும்பான்மை. இவற்றினும் பெருங்குறை, வாயிலில் இருந்தது. அதனை எண்ணிக்கையால் அறிதற்குரிய வாய்ப்பை ஓர் அரசாங்கக் கணக்கெடுப்பு நமக்கு அளிக்கின்றது.

மன்றோவின் கணக்கெடுப்பு

1792-ஆம் ஆண்டு திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும் ஆங்கிலக் கும்பினியார் ஆட்சிக்கு வந்தன. அப்பகுதியில் அலெக்சாந்தர் ரீடு என்பார்க்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோ 1799 வரை பணியாற்றினார். ஊர் ஊராகச் சென்று நில வருவாயை ஆராய்ந்த அவர், 1820-இல் சென்னை மாகாண ஆளுநரானார். 1822-ஆம் ஆண்டு சூன் மாதத்தில், மாகாணம் எங்குமுள்ள பள்ளிகளையும் அவற்றிற் பயில்வோரையும் சாதிவாரியாகக் கணக்கிட்டு அனுப்புமாறு கலெக்டர்களைப் பணித்தார். சேலம் கலெக்டரின் விடை 1823-இல் சென்றது.

விடைகளைத் தொகுத்து மன்றோ 1826 மார்ச்சு 10-ஆம் நாள் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர். மக்கள்தொகை 1,28,50,941. ஐந்து முதல் பத்து வயதிற்குட்பட்ட சிறுவருள் நான்கில் ஒரு பங்கினர்க்குச் சற்று மிகுதியானோர் பள்ளியிற் பயின்றனர் என்றும், வீட்டிற் கற்போரையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும் என்றும் அவர் மதிப்பிட்டார்.

இவ்வெண்களிலிருந்து இரு செய்திகள் பெறப்படும். முதலாவது, பள்ளி ஒன்றுக்குச் சராசரியாக 15 மாணாக்கரே இருந்தனர். திண்ணை ஆசிரியர் ஒவ்வொருவனுக்கும் தனிச்சுவடி தந்து தனியே கேட்க இயன்றமைக்கு இச்சிறு தொகையே காரணம். அம்முறையைப் புகழ்வார் இதனை மறத்தல் கூடாது. இரண்டாவது, பயின்றோருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. அஃதாவது நூற்றுக்கு மூவரினும் குறைவு.

சேலம் மாவட்டப் பட்டியலில், சூத்திரர் எனவும் பிற சாதியார் எனவும் குறிக்கப்பட்டோர் பயில்வோருள் நூற்றுக்கு 70 பேர் அளவில் இருந்தனர். முஸ்லிம்கள் நூற்றுக்கு 10 பேர். அந்நாளைய சேலம் மாவட்டம், பிற்காலத்தில் தருமபுரி, கிருட்டிணகிரி, நாமக்கல் எனப் பிரிந்த பகுதிகளையும் பெரும்பாலும் தன்னுள் அடக்கியது. அந்தணரும் வணிகரும் மட்டுமே திண்ணைகளில் பயின்றனர் என்னும் பொதுக் கருத்து சரியன்று என்பதை இப்பட்டியல் காட்டும்.

இக்கணக்கு நெடுநாள் வழக்கிற்கு இடமாயிற்று. 1931-இல் இலண்டனில் பேசிய காந்தியடிகள், இந்தியாவில் ஐம்பது நூறாண்டுகட்கு முன்னர் இருந்த கல்வி ஆங்கிலர் ஆட்சியில் வேரோடு கெட்டது என்றார்; பிலிப் ஆர்ட்டாக் அதனை மறுத்தார். 1983-இல் தரம்பால் அவர்கள் 'அழகிய மரம்' என்னும் பொருள்படும் பெயரில் இவ்வறிக்கைகளைப் பதிப்பித்து வெளியிட்டார். ஆயினும் 'பிற சாதியார்' என்னும் தலைப்பு விரிவானது. அதன்கீழ் எவரெவர் அடங்கினர் எனப் பட்டியல் பிரித்துரைக்கவில்லை. தெருவிற்குள் நுழையவே தடுக்கப்பட்டோர், அத்தெருவின் திண்ணையில் ஏறி அமர்ந்தனர் என்று அவ்வொரு சொல்லைக் கொண்டு முடிவு கட்டுதல் பொருந்தாது. பின்னாளில் அவர்க்கெனத் தனிப் பள்ளிகள் வேண்டியிருந்தமையே இதற்குத் தக்க சான்று. கண்ணிலார், செவிப்புலனிலார் பற்றி இப்பட்டியலில் தலைப்பே இல்லை. எண்ணுவோர் நினைவிலும் அவர் இல்லை என்க.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

திண்ணை முறை ஐரோப்பாவிற்குச் சென்ற வரலாறும் ஈண்டு அறியத்தக்கது. 1789-இல் எழும்பூர் ஆண் ஆதரவற்றோர் இல்லத்தின் கண்காணிப்பாளரானவர் ஆந்திரூ பெல். 'மலபார்' பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். அந்நாளைய ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே வழங்கினர். தம் கீழிருந்த ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கவே, ஏறத்தாழ எட்டு வயதுடைய சிறுவன் ஒருவனைக்கொண்டு கீழ்வகுப்பினர்க்கு எழுத்துக் கற்பிக்கச் செய்து வெற்றி கண்டார். 1797-இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை எனப் பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது.

பரவியபோது அதன் இயல்பு மாறிற்று. பதினைந்து பேர்க்கு உரிய முறை, ஓர் ஆசிரியரும் சில சட்டாம்பிள்ளைகளும் நூற்றுக்கணக்கானோரை ஒரே நேரத்தில் நடத்தும் முறையாயிற்று. செலவு குறைந்தது, ஆயினும் பிள்ளையைத் தனித்து நோக்குதலும் குறைந்தது. ஒரு முறையின் புறவடிவை மட்டும் எடுத்துச் செல்லின், அதன் உயிர்ப்பண்பு உடன் செல்லாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

வகுப்பறையின் தோற்றம்

மன்றோ தம் கணக்கெடுப்பின் பயனாக 40 கலெக்டர் பள்ளிகளும் 300 தாசில்தார் பள்ளிகளும் நிறுவக் கருதினார். கலெக்டர் பள்ளி ஆசிரியர்க்குத் திங்கள் ஒன்றுக்கு 15 ரூபாயும், தாசில்தார் பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாயும் ஊதியம். நூற்பதிப்புச் செலவும் உட்பட ஆண்டுக்கு 48,000 ரூபாய் ஆகும் எனத் திட்டமிட்டார். மாவட்டந்தோறும் இந்துக்கட்கு ஒன்றும் முஸ்லிம்கட்கு ஒன்றும் எனத் தனித்தனிப் பள்ளிகளே கருதப்பட்டன. பல்திறத்தாரைக் கூட்டி வைத்தல் அத்திட்டத்தின் நோக்கமன்று. மன்றோ 1827-இல் மறைந்தார். பள்ளிகளும் 1836-இல் கைவிடப்பட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்க நன்கொடை முறை வந்தது. ஆய்வாளர் நடத்தும் தேர்வில் தேறியோர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம் அளிக்கப்பெற்றது. அதனால் வகுப்பு, ஆண்டுப் பாடத்திட்டம், தேர்வு ஆகியவை வேரூன்றின. ஓராண்டில் ஓர் அளவு பாடம் என்பது விதியாயிற்று. அதனை எட்டாதவன் 'தேறாதவன்' ஆயினான். மெல்லக் கற்பவன் பள்ளிக்கு இழப்பு என்னும் நிலை உண்டாயிற்று. திண்ணையில் இல்லாத ஒரு விலக்கு இவ்வாறு வகுப்பறையினுள்ளே பிறந்தது.

ஆனால் அதே காலத்தில் வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பாளையங்கோட்டையில் 1890-இல் அஸ்க்வித் அம்மையார் கண்ணிலார்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். 1897-இல் சுவெயின்சன் அம்மையார் செவிப்புலனிலார்க்குப் பள்ளி கண்டார். ஒடுக்கப்பட்டோர் கல்விக்கென அரசாங்கம் 1893-இல் ஆணை பிறப்பித்தது. 1894-இல் ஆல்காட்டு அவர்கள் அடையாற்றில் அம்மக்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு அளிக்க முடிவு செய்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைக் கல்வி நிருவாகம் ஒப்புக்கொண்டதன் முதல் அடையாளங்களுள் இஃது ஒன்று.

சேலத்தவர் ஒருவரின் திட்டம்

அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியிற் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராய் விளங்கி, 1917 முதல் 1919 வரை அந்நகராட்சித் தலைவராய் இருந்தவர் இராசகோபாலாச்சாரியார். அவர் முதலமைச்சராய் இருந்தபோது 1953-இல் ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு புதிய முறை புகுத்தப்பட்டது. பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயிலவேண்டும் என வகுக்கப்பட்டது. இரு முறைகளாகப் பள்ளி நடத்தினால் இருமடங்கு பிள்ளைகள் கற்கலாம் என்பதும், கைத்தொழிலும் கல்வியே என்பதும் அதனை ஆதரித்தோர் கூற்று.

எதிர்த்தோர் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். பெரியார் ஈ. வெ. இராமசாமி அவர்களின் எதிர்ப்பு அவற்றுள் முதன்மையானது. பெற்றோர் தொழில் எதுவென்பது பிறப்பால் முடிவாகிய நாட்டில், பிள்ளையைப் பாதிநாள் அத்தொழிலுக்கே அனுப்புதல் அவன் செல்லும் வழியைப் பள்ளியே அடைப்பதாகும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தின் வலிமையை நாம் மறுத்தற்கில்லை. மாணாக்கரின் வேறுபாட்டை மதித்தல் வேறு. அவ்வேறுபாட்டிலேயே அவரை நிறுத்திவைத்தல் வேறு. 1954 ஏப்பிரலில் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் பகலுணவுத் திட்டம் விரிந்தது. கல்வித்துறைத் தலைவராய் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊரார் கொடையைத் திரட்டி அதற்கு உறுதுணையானார். 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2022-இல் காலை உணவும் தொடங்கப்பெற்றது. ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணல் சாதி வேற்றுமையையும் ஓரளவு தளர்த்தியது.

சுவடி மீண்டும் வந்தமை

வாயில் பெரிதும் திறந்தபின், உள்ளே வந்தோர் கற்கின்றனரா என்னும் வினா எழுந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்னும் முறை சோதிக்கப்பட்டது. ஆந்திரநாட்டு ரிசிப் பள்ளத்தாக்கில் உருவான கற்றல் அட்டை முறை இதற்கு முன்மாதிரி. பாடம் சிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டு ஏணி போல் அடுக்கப்பெறும். பிள்ளை ஓர் அட்டையை முடித்தபின் அடுத்ததற்குச் செல்வான். விடுமுறை எடுத்தவன், விட்ட இடத்திலிருந்தே தொடங்குவான். வேறுபட்ட வகுப்பினர் கலந்து அமர்வர். 2007-க்குப் பின் இம்முறை மாநில அரசுத் தொடக்கப்பள்ளிகள் எங்கும் பரவியது.

இதனைக் காண்பார்க்குத் திண்ணையின் சுவடி நினைவிற்கு வாராதிராது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. திண்ணையில் சுவடி ஒருவனுக்கு உரியது. இங்கு அட்டை அனைவர்க்கும் பொது. அங்கு வாயில் குறுகியது. இங்குச் சட்டத்தால் அகன்றது. 2009-இல் இயற்றப்பெற்ற கல்வி உரிமைச் சட்டமும், 2016-இல் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமும் எப்பிள்ளையையும் புறந்தள்ளலாகாது என விதித்தன. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு மீண்டும் திறந்தபின், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்பினரை அவர் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்தது அத்திட்டம். நன்னூலார் மூவகையாகப் பகுத்தார். இத்திட்டமும் மூவகையே கண்டது. ஆனால் அவர் கூறிய கடைமாணாக்கன் என்றும் கடையனே. அரும்போ மலராதற்கு உரியது. பகுப்பின் நோக்கில் நேர்ந்த இம்மாற்றமே இடைப்பட்ட காலத்தின் பெரும்பேறு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஒன்று: திண்ணைப்பள்ளி மாணாக்கனின் வேகத்தை மதித்தது; அவன் பிறப்பையும் பாலையும் உடற்குறையையும் கடந்து வாயிலைத் திறக்கவில்லை. இரண்டு: பின்வந்த வகுப்பறை வாயிலைச் சிறிது சிறிதாகத் திறந்தது, ஆனால் ஆண்டு அளவையும் தேர்வையும் கொண்டு உள்ளே வந்தோருள் ஒரு சாராரைப் பின்தள்ளியது. மூன்று: இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற முயல்வது கடந்த இருபது ஆண்டுகளின் முயற்சி.

அம்முயற்சி கைகூடுதற்கு அட்டையும் சட்டமும் மட்டும் போதா. திண்ணை ஆசிரியர்முன் இருந்தோர் சராசரி 15 பேர். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளிகளில் 30 பிள்ளைகட்கு ஓர் ஆசிரியர் என வரையறுக்கின்றது. அவ்வளவையும் மீறி வகுப்பு நிறையின், எத்துணைச் சிறந்த முறையும் பெல்லின் முறைக்கு இங்கிலாந்தில் நேர்ந்த கதியையே அடையும். சௌராட்டிரமோ உருதுவோ இந்தியோ பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து அறிமுகமாகும் முன் தமிழ்ப்பேச்சு பழகவேண்டும். அதற்குக் காலம் தரவேண்டும். கண்ணிலாப் பிள்ளைக்குப் புள்ளியெழுத்து நூலும், செவிப்புலனிலாப் பிள்ளைக்குச் சைகைமொழி அறிந்த ஆசிரியரும் வேண்டும். 1823-ஆம் ஆண்டுச் சேலம் பட்டியலில் இவர்க்கெனத் தலைப்பு இல்லை. இன்று அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இவர் பெயர்கள் ஏறுதற்குச் சட்டம் வழி செய்துள்ளது. ஏறிய பெயருக்குரிய பிள்ளை கற்றுத் தேர்தல் ஆசிரியர் தொகையையும் அவர்க்குத் தரும் பயிற்சியையும் பொறுத்தது. அதனை வரையறுத்து நிறைவேற்றுதல் ஆட்சியாளர் கடன்.